ஸ்பேட் பிட்: வீட்டுத் துளைகளுக்கு ஒரு முரட்டுக் கருவி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என் கையில் இருக்கும் இந்தப் பிட்டை ஹார்டுவேர் கடையில் பார்த்திருப்பீர்கள். தோசைத் திருப்பியை அரை அடிக்குக் குறுக்கி, நுனியில் ஒரு கூர்முனை வைத்த மாதிரி இருக்கும். ஸ்பேட் பிட் என்று கேட்டாலும் தருவார்கள், ஃப்ளாட் பிட் என்று கேட்டாலும் தருவார்கள். மரத்தில் கொஞ்சம் பெரிய துளை போட வேண்டும் என்று போய் நின்றால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். அந்த அளவுக்கு இருப்பதிலேயே விலை குறைந்தது இதுதான். வாங்கி வருகிறோம், மைக்கா ஒட்டிய பிளைவுட்டில் வைத்து அழுத்துகிறோம். மறுபக்கம் மைக்காவும் மரமும் சேர்ந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுகிறது. பிட் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

இந்தப் பிட் முரடுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த முரட்டுத்தனம் எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் போதும், காசுக்கு இதைப் போல உழைக்கும் பிட் வேறு கிடையாது. இது வெறும் தட்டைத் தகடு. இதன் குணம், குற்றம் இரண்டுமே அங்கிருந்துதான் பிறக்கின்றன. நான் சொல்ல வந்த விஷயம் அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதற்கான விளக்கம்.

இது எப்படி வெட்டுகிறது? நுனியில் உள்ள கூர்முனை முதலில் மரத்தில் இறங்கி, பிட் நழுவி ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. அதன் இரு பக்கமும் இரண்டு வெட்டுவாய்கள். மரத்தை எடுப்பவை அவைதான். இழைப்புளியின் அலகு சாய்ந்து நுழைந்து சீவும். இந்த வெட்டுவாயால் அப்படிச் சாய முடியாது. தகட்டின் விளிம்புதானே, மரத்தின் மேல் ஏறக்குறைய நிமிர்ந்து நின்று சுரண்டுகிறது. சுரண்டுகிற கருவிக்கு வேகம் வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நாரைப் பிய்க்கும். வேகமாகச் சுற்றினால்தான் அறுக்கும்.

கையால் சுற்றும் பழைய கருவிகளுக்கு இந்தப் பிட் ஒத்துவராததற்கும் அதுதான் காரணம். கயிற்றை இழுத்துச் சுழற்றும் துரப்பணத்திலோ, பின்னால் வந்த கைப்பிரேஸிலோ இந்தத் தகட்டுக்கு வேண்டிய வேகம் கிடைக்காது. கைவேகத்துக்கு ஏற்றது ஆகர் பிட். அதன் நுனியில் மரை இருக்கும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தன்னைத் தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 1885-இல் தொடங்கிய இர்வின் நிறுவனம் அந்த ஆகர் பிட்டில்தான் பேர் வாங்கியது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் பட்டறையில் 1895-இல் கையில் தூக்கிப் பிடிக்கும் மின்சார டிரில் பிறந்தது. துப்பாக்கிப் பிடியும் விரலால் இழுக்கும் விசையும் வைத்த டிரில்லுக்கு 1917-இல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி காப்புரிமை பெற்றது. நம் வீட்டு அலமாரியில் தூங்குவது அதன் கொள்ளுப்பேரன். மோட்டார் கைக்கு வந்த பிறகுதான் சுரண்டும் தகட்டுக்குப் பிழைப்பு வந்தது. ஆகரில் பேர் வாங்கிய இர்வினே பிற்பாடு ஸ்பீட்போர் என்று ஸ்பேட் பிட்டையும் விற்றது.

அமெரிக்காவில் இதற்கு நிரந்தர வேலை கொடுத்தவர்கள் எலெக்ட்ரீஷியன்கள். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சுவர் என்பது வரிசையாக நிறுத்திய மரச்சட்டம். இரு பக்கமும் பலகை அடித்து மூடிவிடுவார்கள். சட்டத்துக்குச் சட்டம் துளை போட்டு ஒயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் துளை. ஒன்றுகூட யார் கண்ணிலும் படப்போவதில்லை. விளிம்பு பிசிறடித்தால் கேட்பார் இல்லை. சில ஸ்பேட் பிட்டுகளின் தகட்டில் ஒரு சிறு ஓட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும், மிஷினை நிறுத்திவிட்டு அந்த ஓட்டையில் ஒயரைக் கட்டிப் பின்னால் இழுத்தால், துளை போட்ட பிட்டே ஒயரையும் கொண்டுவந்து கொடுக்கும். கருவி யாருக்காகப் பிறந்தது என்பதற்கு அந்த ஓட்டையே அத்தாட்சி.

ஆனாலும் அந்த முரட்டு வேலைக்கும் அங்கே கணக்கு உண்டு. இரண்டுக்கு நான்கு என்று சொல்லப்படும் சட்டம் உண்மையில் 38 மி.மீ.க்கு 89 மி.மீ. அமெரிக்க மின்கம்பி விதிப்படி துளையின் விளிம்புக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் நடுவே ஒன்றேகால் இஞ்ச், அதாவது சுமார் 32 மி.மீ. மரம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் இரும்புத் தகடு அறைய வேண்டும். பின்னாளில் படம் மாட்ட ஒருவர் அடிக்கும் ஆணி ஒயரில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. 89 மி.மீ. என்பது மூன்றரை இஞ்ச்; அதில் இரு பக்கமும் ஒன்றேகால் இஞ்ச்சைக் கழித்தால் மீதி ஒரு இஞ்ச். ஆக, தகடு அறையாமல் அந்தச் சட்டத்தின் நடுவில் ஒரு இஞ்ச் பிட்டுக்கு மேல் போடவே முடியாது. நம் ஊரில் ஓட்டு வீட்டு உத்திரத்திலும் கைமரத்திலும் ஃபேன் ஒயருக்கு என்று ஓட்டை போடக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது. பாரம் தாங்கும் மரத்தில் கூடுமானவரை துளையே வேண்டாம், ஒயரைப் பக்கவாட்டில் கிளிப் வைத்துக் கொண்டுபோங்கள் என்பது என் கட்சி.

நம் வீடு செங்கல் வீடு, சுவரில் இந்தப் பிட்டுக்கு வேலையே இல்லை. தப்பித்தவறிக்கூட வைத்துவிடாதீர்கள், பூச்சைத் தொட்ட நொடியில் வெட்டுவாய் போய்விடும். இன்னொன்று, நம்மில் பலர் வைத்திருப்பது சுவருக்காக வாங்கிய இம்பேக்ட் டிரில். அதன் தலையில் சுத்தியல் படம் போட்ட ஒரு திருகு இருக்கும். மரத்துக்கு வரும்போது அதைச் சுத்தியலிலிருந்து வெறும் டிரில்லுக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றாமல் ஸ்பேட் பிட்டை ஓட்டி, மரமே அதிர்கிறது என்று புகார் சொல்பவர்கள் நிறையப் பேர்.

சரி, நமக்கு எங்கே வேலை? டிவி யூனிட்டின் முதுகில் கேபிள் போக, சமையலறை சிங்க்குக்கு அடியில் கபோர்டைத் துளைத்துக் குழாய் போக, கதவில் பூட்டு வைக்க, இன்வெர்ட்டர் ஒயரைப் பலகையில் நுழைக்க. ஏறக்குறைய எல்லாமே மறைவான துளைகள். அதனால்தான் இந்தப் பிட்டை நான் ஆதரித்துப் பேசுகிறேன்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டியது அளவு. அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆசாரி நூல் கணக்கில் சொல்வார். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஆறு நூல் என்றால் 19 மி.மீ. பிட்டின் மேல் மி.மீ. அடித்திருக்கும். பிளம்பர் இஞ்ச்சில் சொல்வார். அவர் சொல்லும் இஞ்ச் குழாயின் பெயர்தான், அளவு கிடையாது. முக்கால் இஞ்ச் சிபிவிசி குழாய் என்று நீங்கள் வாங்கும் அந்தச் சந்தன நிறக் குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ. முக்கால் இஞ்ச்தானே என்று 19-இல் துளை போட்டால் குழாய் வாசலிலேயே நின்றுவிடும். அரை இஞ்ச்சுக்கு வெளிவிட்டம் 15.9, ஒரு இஞ்ச்சுக்கு 28.6. ஆகவே அரைக்கு 18 அல்லது 20, முக்காலுக்கு 25, ஒன்றுக்கு 32 என்று பிட் எடுங்கள். கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய் என்றால் கொஞ்சம் தாராளம் நல்லது. சூட்டில் குழாய் நீளும். இறுக்கமான துளையில் மாட்டிக்கொண்டால் நீளும்போதும் சுருங்கும்போதும் பலகையோடு உரசிக் கிறீச்சிடும். கேபிளுக்கும் இதே கதைதான். கேபிள் என்னவோ மெல்லிசு. நுழைய வேண்டியது அதன் தலை. இன்டர்நெட் ஒயரின் கண்ணாடி முனை 12 மி.மீ.க்குள், அதற்கு 16 போதும். எச்டிஎம்ஐ கேபிளின் பிளாஸ்டிக் தலைக்கு 25 இல்லாமல் முடியாது. மூன்று பின் பிளக் எந்த ஸ்பேட் பிட் துளையிலும் நுழையாது. ஒன்று பிளக்கைக் கழற்றுங்கள், அல்லது பெரிய வட்டத் துளை அறுக்கும் ஹோல் சா வாங்குங்கள்.

டஜன் பிட் அடங்கிய செட்டைப் பார்த்தால் ஆசை வரும். அதில் பாதியை வாழ்நாளில் தொடமாட்டோம். 16, 20, 25 மூன்றும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கினால் வீட்டுக்குப் போதும். 32 தேவை வரும்போது வாங்கலாம்.

வாங்கும்போது வெயிலில் பிடித்து நேராகப் பாருங்கள். கூர்முனை தகட்டின் நட்டநடுவில் இருக்கிறதா, இரண்டு வெட்டுவாய்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். ஒன்று அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் எல்லா வேலையையும் அது ஒன்றே செய்யும். இன்னொன்று சும்மா உடன் சுற்றும். தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கடையின் கண்ணாடி மேசையில் தண்டை மட்டும் வைத்து உருட்டுங்கள். தகடு மேசைக்கு வெளியே இருக்கட்டும். நுனி தள்ளாடினால் வேறு கேளுங்கள். தண்டின் அடி அறுகோணமாகக் கால் இஞ்ச் இருக்க வேண்டும். டிரில்லின் சக்கில் மூன்று தாடைகள்; அறுகோணத்தில் ஒன்றுவிட்டு ஒன்று மூன்று முகங்களை அவை கவ்விக்கொண்டால் பிட் வழுக்காது. கடைசியாக வெளிமூலைகளைப் பாருங்கள். சில பிட்டுகளில் வெட்டுவாயின் வெளிமூலை இரண்டும் சின்னக் கொம்பாகக் கீழே நீட்டியிருக்கும். வெட்டுவாய் மரத்தை எடுக்கும் முன்பே இந்தக் கொம்பு வட்டத்தைக் கீறிவிடுவதால் விளிம்பு பிசிறில்லாமல் வரும். மைக்கா, வெனீர் போட்ட பலகையில் வேலை செய்கிறவர்கள் கொம்பில்லாத பிட்டை வாங்கவே வேண்டாம்.

நுனியில் மரை வைத்த ஸ்பேட் பிட்டும் வருகிறது. அழுத்தவே வேண்டாம், தானே இழுத்துக்கொள்ளும். பைன் மாதிரி மென்மரத்தில் வெகு சுகம். ஆனால் அது உள்ளே போகும் வேகத்தைத் தீர்மானிப்பது மரைதான், உங்கள் கை இல்லை. கடின மரத்தில் மரை இழுக்கிற இழுப்புக்கு மோட்டார் ஈடுகொடுக்காமல் நின்றுவிடும், அல்லது மிஷின் மணிக்கட்டோடு திரும்பும். நிற்கும் டிரில் பிரஸ்ஸில் அதைப் போடவே கூடாது. முதல் பிட்டாகச் சாதா கூர்முனையே வாங்குங்கள்.

இனி, இந்தப் பிட் செல்லாத இடம். கபோர்டு கதவுக்கு வைக்கும் ஆட்டோ ஹிஞ்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிண்ணத்துக்கு 35 மி.மீ. அகலத்தில், 12 மி.மீ. சொச்சம் ஆழத்தில், அடி தட்டையாக ஒரு குழி வேண்டும். கதவு 18 மி.மீ. பிளைவுட். 35 மி.மீ. ஸ்பேட் பிட்டும் கடையில் உண்டு, கை அரிக்கும். அதன் கூர்முனை வெட்டுவாய்க்குக் கீழே 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 12-ம் 10-ம் 22. பலகையோ 18. குழி முடியுமுன்பே கதவின் முன்பக்க மைக்காவில் முனை எட்டிப் பார்த்துவிடும். இந்த வேலைக்குப் பிறந்தது ஃபோர்ஸ்னர் பிட். பெஞ்சமின் ஃபோர்ஸ்னர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்மியர் 1874-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. நீண்ட முனையை நம்பாமல், சுற்று வட்ட விளிம்பே மரத்தைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டும். அதனால் அடி தட்டையாக வரும், விளிம்பில் பாதித் துளைகூடப் போடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துளைகளும் போடலாம். ஸ்பேட் பிட்டால் இவை எதுவும் ஆகாது. முனைக்குக் கீழே மரம் இல்லையென்றால் அது அனாதை. இருக்கிற துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று அதே துளையில் பெரிய ஸ்பேட் பிட்டை விட்டால் ஆட்டம் ஆடிப் பலகையைக் குதறும். வழி இல்லாமல் இல்லை. பழைய துளையை ஒரு மரத்துண்டால் இறுக அடைத்து, அதன் நடுவில் புதிதாகப் புள்ளி வைத்துத் துளைக்கலாம்.

கதவுப் பூட்டில் ஹோல் சாவுக்கும் ஸ்பேட் பிட்டுக்கும் பங்கு இருக்கிறது. குமிழ் வைத்த உருளைப் பூட்டுக்குக் கதவின் முகத்தில் 54 மி.மீ. துளை, அது ஹோல் சா வேலை. கதவின் பக்கவாட்டு விளிம்பிலிருந்து அதைப் போய்ச் சேரும் நாக்குக்கு 25 மி.மீ. துளை, அது ஸ்பேட் பிட்டின் வேலை. 32 மி.மீ. கதவு என்றால் இரு பக்கமும் மிச்சம் மூன்றரை மி.மீ. மரம்தான். கை இம்மி சாய்ந்தால் கதவின் முகம் பிளந்துவிடும். அதனால் விளிம்பின் நடுக்கோட்டை இரண்டு முகத்திலிருந்தும் அளந்து இரண்டு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி, விழாவிட்டால் அவற்றின் நடுவே புள்ளி. கதவின் இரு முகத்திலும் ஒவ்வொரு பலகைத் துண்டை வைத்து சி கிளாம்ப்பால் இறுக்கிவிட்டால் பிளவுக்கு இடமில்லை. முகத்துத் துளையை முதலில் முடித்துவிடுங்கள். விளிம்பிலிருந்து வரும் பிட் அந்த வெற்றிடத்தில் போய்த் திறக்கும்போது சக்கை வெளியேற வழி கிடைக்கும்.

சக்கை என்றதும் சொல்லிவிடுகிறேன். முறுக்குப் பிட்டில் உள்ள காடிகள் சக்கையைத் தானே வெளியே ஏற்றிவிடும். தட்டைத் தகட்டில் காடி ஏது? ஓரளவு ஆழம் போனதும் சக்கை உள்ளே நிறைந்து, பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவே அரைபட்டு, சூடேறிப் புகையும். ஒரு விரலாழத்துக்கு ஒரு தரம், சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே இழுத்து மறுபடி விடுங்கள். உள்ளே வைத்து மிஷினை நிறுத்தாதீர்கள். மறுபடி ஓட்டும்போது மூலை மாட்டிக்கொண்டு கையை முறுக்கும்.

வேகம் பற்றி. பிட் பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும் என்பார்கள். ஏன் என்பது எளிய பெருக்கல். நிமிடத்துக்கு 1500 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் வெளிமூலை ஒரு நிமிடத்தில் 57 மீட்டர் போகிறது. அதே சுற்றில் 25 மி.மீ. பிட்டின் மூலை 118 மீட்டர். சூடு ஏறுவதும் கூர் போவதும் அந்த மூலையில்தான். சுமாராக, மென்மரத்தில் சின்னப் பிட்டுக்கு 2000 சுற்று, 25-ஐ ஒட்டி 1700, அதற்கு மேல் 1500. தேக்கு, வேங்கை மாதிரி மரங்களில் 1500-இல் தொடங்கிப் பெரிய பிட்டுக்கு 1000. வீட்டு டிரில் முழு வேகத்தில் 2500-ஐத் தாண்டும் என்பதால் விசையைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் இழுத்தால் கணக்குச் சரியாக இருக்கும். பேட்டரி டிரில்லில் கியர் ஒன்றில் வைத்தால் பலம் இருக்கும், வேகம் போதாது. கியர் இரண்டில் வேகம் இருக்கும். சிறிய பேட்டரியாக இருந்தால் 25 மி.மீ. பிட் தேக்கில் மூச்சு வாங்கும். அந்த வேலைக்கு ஒயர் வைத்த மிஷினே மேல்.

வேலையைத் தொடங்கும்போது பெருக்கல் குறி போட்டு, நடுவில் ஒரு ஊசிக்குத்து. மிஷினை ஓட்டாமலே கூர்முனையைக் குத்தில் வைத்து அழுத்துங்கள். மெதுவாகத் தொடங்கி, முனை முழுதும் இறங்கி வெட்டுவாய் மரத்தைத் தொடப்போகும் சமயத்தில் வேகத்தை ஏற்றிவிட வேண்டும். வெட்டுவாய் ஒன்று முதலில் தொட்டு ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி கீறினால் நீங்கள் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். முழு வட்டமாகக் கீறும் வரை கையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அழுத்துங்கள். குறிக்குப் பக்கத்தில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்வதும் நல்ல உபாயம். பிட்டும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாகத் தெரிந்தால் செங்குத்து. முழங்கை மாதிரி மடங்கித் தெரிந்தால் சாய்வு.

இப்போது அந்த மைக்கா பெயர்ந்த விஷயத்துக்கு வருவோம். உள்ளே போகும் பக்கத்தில் நாருக்குக் கீழே மரம் தாங்குகிறது, அதனால் அறுபடுகிறது. வெளியே வரும் பக்கத்தில் கடைசி மி.மீ.க்குக் கீழே எதுவும் இல்லை. அழுத்தத்தில் நார் அறுபடாமல் சிராயாகப் பிய்ந்துகொண்டு போகிறது. கூர்முனை நீளமாக இருப்பதே இங்கே நமக்கு உதவி. பலகையின் மறுபக்கம் கை வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணால் பாருங்கள். முனை மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு வெளியே தெரிந்ததும் நிறுத்திவிட்டுப் பலகையைத் திருப்புங்கள். அந்தச் சிறு ஓட்டையிலேயே முனையை வைத்து இந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள். இரு பக்கமும் சுத்தமாக இருக்கும். நடுவில் காகிதம் மாதிரி ஒரு வட்டச் சில்லு விழும். திருப்ப முடியாத இடமென்றால் பின்னால் ஒரு வேண்டாத பலகையை இறுகக் கட்டிவிட்டு அதற்குள்ளேயே ஓட்டிவிடலாம். மைக்கா பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது ஓரளவு உதவும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வெளியே வரும் அந்தக் கடைசிக் கட்டம்தான் கைக்கும் ஆபத்து. மீதியிருக்கும் மெல்லிய வளையத்தில் ஒரு மூலை மாட்டினால் மிஷின் நின்று, உங்கள் மணிக்கட்டு சுற்றும். அழுத்தத்தைக் குறைத்து, பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னப் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு துளைக்கும் நம் வீரத்தை இந்தப் பிட்டிடம் காட்ட வேண்டாம். பலகையே விசிறியாகச் சுற்றும். கிளாம்ப் போடுங்கள். கண்ணாடி அணியுங்கள். துப்பட்டா, முந்தானை, நீண்ட கூந்தல் எல்லாம் கட்டுக்குள். துணிக் கையுறை வேண்டவே வேண்டாம், நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

இன்று இதற்குப் பிறகு வராந்தாவில் செய்யப்போவது சிட்டுக்குருவிக் கூடு. எனக்குத் தெரிந்து ஸ்பேட் பிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டு வேலை இல்லை. வாசல் 32 மி.மீ. வட்டம், நூல் கணக்கில் பத்து நூல். சிட்டுக்குருவி தாராளமாக நுழையும், மைனா நுழையாது. வாசலின் கீழ்விளிம்பு கூட்டின் தரையிலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பூனையின் கை குஞ்சை எட்டுவது கஷ்டம். வாசலுக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி வைப்பார்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கை வந்து உட்காரத்தான் உதவும். உட்புறம் வார்னிஷ் வேண்டாம், இழைக்கவும் வேண்டாம். சொரசொரப்பு இருந்தால்தான் குஞ்சு நகத்தால் பற்றி மேலே ஏறும். ஸ்பேட் பிட் விட்டுப்போகும் முரட்டு உட்சுவரும் அப்படியே இருக்கலாம், வெளிவிளிம்பின் சிராயை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பேக்கிங் பெட்டிப் பலகையைத்தான் கொண்டுவந்திருக்கிறோம். அதில் தலை உடைந்த ஆணி புதைந்திருக்கும். துளைக்குமுன் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஆணியில் பட்டால் வெட்டுவாயில் பல் விழும்.

பல் விழுந்தாலும் பிட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தட்டையாக இருப்பதன் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. முறுக்குப் பிட்டைத் தீட்டப் பழக்கம் வேண்டும்; ஃபோர்ஸ்னரை வீட்டில் தீட்டப் பொறுமை வேண்டும். ஸ்பேட் பிட்டுக்கு ஒரு மெல்லிய தட்டை அரம் போதும். தேக்கில் மணல்சத்து உண்டு, பிளைவுட்டில் பசை கல்லாக இறுகியிருக்கும். இரண்டுமே கூரைத் தின்னும். மழுங்கியதைத் தெரிந்துகொள்ள உரிந்து வரும் சக்கையைப் பாருங்கள். கூராக இருந்தால் சுருளும் செதிலுமாக வரும். மழுங்கினால் மாவாக வரும், கூடவே கருகல் வாசனை. பிட்டை வைஸில் பிடித்து, வெட்டுவாயின் பின்சரிவில் ஏற்கெனவே இருக்கும் சாய்வை ஒட்டியே அரத்தை வைத்து ஒரே திசையில் தள்ளுங்கள். ஒரு பக்கம் ஐந்து தரம் என்றால் மறுபக்கமும் ஐந்து தரம். கூர்முனையின் இரு ஓரத்துக்கும் ஒன்றிரண்டு இழுப்பு. சாணைச் சக்கரத்தில் பிடிக்கிறவர்கள் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பு நீலம் பாரித்தால் எஃகு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் போயிற்று; அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

தகட்டின் வெளிப்பக்கங்களை மட்டும் தொடாதீர்கள், துளையின் அளவு குறைந்துவிடும். வேண்டுமென்றே குறைப்பது வேறு கதை. 25 துளையில் லொடலொடவென ஆடும், 22-இல் நுழையாது என்கிற மாதிரி ஒரு பழைய பித்தளைத் தாழ்ப்பாள் வீட்டில் இருந்தால், தேய்ந்த 25 மி.மீ. பிட் ஒன்றை எடுத்து இரு பக்கமும் சமமாக அரை மி.மீ. அராவி 24 ஆக்கிக்கொள்ளலாம். கேலிப்பரால் அளந்து அளந்து அராவுங்கள். கடையில் வேறு எந்தத் துளைப் பிட்டிடமும் இந்தச் சலுகை கிடையாது.

நேரம் ஆகிவிட்டது என்று வாசகர் வட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பலகைகள் வராந்தாவில் இருக்கின்றன. 32 மி.மீ. பிட் இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி இருப்பவர்கள் அங்கேயே கேட்கலாம். மிஷினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஓடும்போது எனக்குக் காதில் விழாது.